முழங்கால் மூட்டு மாற்றுக்குப் பின் வீட்டிலிருந்தே கண்காணிப்பு: சென்சாரை எங்கே கட்டுவது, எந்த எண்ணை நம்புவது?

பிசியோ_வைகை கேட்டது:

வணக்கம். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம், நான்காம் நாளே நோயாளிகள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். 2022 ஜனவரியில் கோவிட்டுக்காக இரவு ஊரடங்கும் ஞாயிறு முழு ஊரடங்கும் வந்தபோது வெளியூர்க்காரர்கள் பிசியோதெரபிக்கு வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரையும் இருக்கும். கூட்டத்துக்குள் வரச் சொல்லவும் தயக்கமாக இருந்தது.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பெட்டியில் இருப்பவை: தொடையிலும் கணைக்காலிலும் கட்டும் இரண்டு ப்ளூடூத் அசைவு சென்சார்கள், பல்ஸ் ஆக்ஸிமீட்டர், டிஜிட்டல் தெர்மாமீட்டர், கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச். சந்தேகங்கள் இவை:

1. ஆப்பில் நீட்டல் 0 டிகிரி, அதாவது கால் முழுக்க நேர் என்று வருகிறது. வீடியோவில் பார்த்தால் முழங்கால் மடங்கியே இருக்கிறது. எதை நம்புவது?
2. வாக்கர் பிடித்து நாள் முழுக்க நடப்பவருக்கும் வாட்ச் நூறு, இருநூறு அடிகள்தான் காட்டுகிறது.
3. எந்த எண் வந்தால் டாக்டரை எழுப்ப வேண்டும்?
4. வலி மாத்திரையை போனிலேயே எழுதிக் கொடுக்கலாமா?

கோனியோமீட்டர்:

முதல் கேள்விக்குக் காரணம் ஸீரோ செய்யும் முறைதான். இந்த ஆப்கள் எல்லாம் தொடக்கத்தில் "காலை நேராக நீட்டி வைத்து பட்டனை அழுத்துங்கள்" என்று சொல்லும். ஆரோக்கியமான முழங்காலுக்கு அது சரி. அறுவை முடிந்த பத்தாம் நாளில் நோயாளிக்கு 12 டிகிரி வரை நீட்டல் குறைபாடு இருக்கலாம். அவரால் முடிந்த அளவு நீட்டி பட்டனை அழுத்தினால் அந்த 12 டிகிரியை ஆப் 0 என்று எடுத்துக்கொள்ளும். உண்மையில் 12 முதல் 95 வரை அசையும் கால், திரையில் 0 முதல் 83 வரை என்று தெரியும்.

இதில் கெடுதல் இரண்டு பக்கமும். கவனிக்க வேண்டிய நீட்டல் குறைபாடு திரையிலிருந்தே காணாமல் போகிறது. மடக்கலோ உள்ளதைவிடக் குறைவாகத் தெரிகிறது. 83-ஐப் பார்த்துப் பதறி நோயாளி இன்னும் பலமாக மடக்கப் பார்ப்பார். அவருக்குத் தேவை குதிகாலுக்கு அடியில் துண்டு வைத்து நீட்டும் பயிற்சி. அதைவிட மோசம், தினமும் புதிதாக ஸீரோ செய்தால் நீட்டலில் வரும் முன்னேற்றமும் தெரியாது. 12-லிருந்து 6-க்கு வந்தாலும் திரையில் 0, 0, 0 என்றே ஓடும்.

செய்ய வேண்டியது: வீட்டுக்கு அனுப்பும் நாளில் நீளக் கை கோனியோமீட்டரால் (மூட்டின் கோணத்தை அளக்கும் கருவி) நீட்டலை அளந்து, அந்த எண்ணையே தொடக்க மதிப்பாக ஆப்பில் போடுங்கள். அதற்கு ஆப்பில் இடம் இல்லையென்றால் அந்த ஆப் இந்த வேலைக்கு ஆகாது. பிறகு வாரம் ஒருமுறை பக்கவாட்டுப் புகைப்படம் வாங்கி அந்த மதிப்பைத் திருத்துங்கள்.

புகைப்படத்துக்கான முறை: நோயாளி மல்லாந்து படுக்க, குதிகாலுக்கு அடியில் மட்டும் சுருட்டிய துண்டு, கெண்டைக்கால் படுக்கையைத் தொடக்கூடாது. மூன்று இடத்தில் ஸ்டிக்கர் பொட்டு: இடுப்பின் பக்கவாட்டு எலும்பு முனை, முழங்காலின் வெளிப்பக்க எலும்பு மேடு, கணுக்காலின் வெளி மொட்டு. இடுப்பு முனையைக் கண்டுபிடிப்பதுதான் வீட்டில் இருப்பவர்களுக்குச் சிரமம். இடுப்புப் பக்கத்தில் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, பாதத்தை உள்ளேயும் வெளியேயும் மெதுவாக உருட்டச் சொன்னால் விரலுக்கு அடியில் உருளும் எலும்புதான் அது. போனை ஸ்டூல்மேல் முழங்கால் உயரத்தில், இரண்டு மீட்டர் தள்ளி, காலுக்குச் செங்குத்தாக வையுங்கள். பாதத்தின் பக்கமிருந்து சாய்வாக எடுத்த படத்தில் கோணம் அளக்கவே வேண்டாம். அகல லென்ஸும் வேண்டாம், ஓரத்தில் இருப்பதை வளைத்துக் காட்டும்.

சென்சார் கட்டும் இடம்: தொடையில் முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து சுமார் 15 செ.மீ. மேலே, வெளிப்பக்கத்தில். கணைக்காலில் சில்லுக்குக் கீழே கையில் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே, எலும்பின் தட்டையான உள்முகத்தில். சதைமேல் கட்டினால் தசை இறுகும்போதெல்லாம் சென்சார் தானும் சாயும், அது முழங்கால் அசைவாகப் பதிவாகும். கட்டு போட்ட இடத்தின்மேலும் தையல்மேலும் பட்டை வரக்கூடாது. மறையாத மார்க்கர் பேனாவால் தோலில் கோடு போட்டு அனுப்புங்கள், தினமும் அதே கோட்டில் கட்டட்டும். பட்டைக்கு உள்ளே ஒரு விரல் நுழைய வேண்டும். முதல் இரண்டு வாரத்தில் வீக்கம் வடிய வடியப் பட்டை தளர்ந்து தொடையைச் சுற்றி உருளும். சென்சார்மேல் உள்ள அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று வீடியோவில் முதலில் பார்த்துவிட்டுத்தான் எண்ணைக் கேட்க வேண்டும்.

நைட்டி, பாவாடை, வேட்டிக்கு மேல் கட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. கால் மடங்கும்போது துணி நகரும், சென்சாரும் கூடவே நகரும். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். வீட்டில் இருக்கும் பெண்ணிடம் பட்டை கட்டும் முறையைத் தனியாகச் சொல்லிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஒருக்களித்துப் படுத்துச் செய்யும் பயிற்சியில் மடக்கல் கோணத்தைப் படிக்காதீர்கள். மல்லாந்தோ உட்கார்ந்தோ மடக்கும்போது புவியீர்ப்பின் திசையை வைத்து சென்சார் தன் சாய்வைத் திருத்திக்கொள்ளும். ஒருக்களித்தால் முழங்கால் திரும்பும் அச்சு ஏறக்குறைய செங்குத்தாகிவிடுகிறது, அப்போது புவியீர்ப்பு உதவாது. சுழற்சியை அளக்கும் ஜைரோஸ்கோப்பை மட்டும் நம்ப வேண்டியதாகி, நிமிடத்துக்கு நிமிடம் எண் நகர்ந்துகொண்டே போகும். காந்தமானியும் உள்ள சென்சார் என்றால் இரும்புக் கட்டில், பீரோ பக்கத்தில் அதுவும் கெடும். மரக் கட்டிலிலோ இரும்பிலிருந்து தள்ளிப் போட்ட மர பெஞ்சிலோ செய்யச் சொல்லுங்கள், அல்லது காந்தமானியை அணைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

சென்சாருக்கு வழியில்லாதவர்களுக்கு போனிலுள்ள சாய்வுமானி ஆப்பே போதும். தொடையின் முன்பக்கம் ஒருமுறை, கணை எலும்பின் மேல் ஒருமுறை வைத்து இரண்டையும் கணக்கிட்டால் கோணம் கிடைக்கும். கேமரா புடைத்திருக்கும் பக்கம் காலில் படக்கூடாது. போனை நீளவாக்கில் நிறுத்தி அதன் விளிம்பை வைத்து அளந்தால் அந்தப் புடைப்பு குறுக்கே வராது.

நடை_அளவு:

இரண்டாவது கேள்விக்கு மட்டும். கையில் கட்டும் வாட்ச் அடிகளை எண்ணுவது பெரும்பாலும் கை வீச்சையும் உடம்பின் அதிர்வையும் வைத்து. வாக்கரைப் பிடித்திருக்கும் கை வீசாது. மெதுவாக வைக்கும் அடியில் அதிர்வும் குறைவு. அதனால் விட்டுவிடும். வாட்சைக் கழற்றி அறுவை செய்யாத காலின் கணுக்காலில், சாக்ஸுக்கு மேல் கட்டுங்கள். ஒரு காலை மட்டும் எண்ணும், இரண்டால் பெருக்க வேண்டும். சில கருவிகளில் பெருக்காமலே சரியாக வரும். எது என்று தெரிந்துகொள்ள வார்டிலேயே ஐம்பது அடி எண்ணி நடக்க வைத்துப் பாருங்கள்.

வாக்கரிலிருந்து ஊன்றுகோலுக்கு மாறும் வாரத்தில் வாட்ச் மீண்டும் கைக்குப் போகும், அடிகள் திடீரென்று கூடியதுபோல் தெரியும். அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். அடிகள் கூடினால் நல்லது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் மூன்று வாரத்தில் அடிகள் ஒரே நாளில் இரட்டிப்பானால் மறுநாள் வீக்கம் கூடி மடக்கல் குறையும். இரண்டு வரைபடத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

எலும்பியல்_குறிப்பு:

மூன்றாவது கேள்வி. எண்களைச் சொல்வதற்கு முன் ஒன்று: ஒவ்வொரு எண்ணையும் எத்தனை மணிக்குள் யார் பார்ப்பார், பார்த்தபின் என்ன செய்வார் என்று எழுதி ஒட்டாமல் ஒரு பெட்டியும் வெளியே போகக்கூடாது. யாரும் பார்க்காத எண்ணை ஆப்பில் குவித்தால், "ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்ற பொய்யான தைரியம்தான் வீட்டில் இருப்பவர்களுக்கு வரும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் ஆப்பைத் திறக்காமல் நேராக 108. இதைப் பெட்டியின் மூடியிலேயே பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

மடக்கல்: இரண்டாம் வார முடிவில் 90 டிகிரி, ஆறாம் வாரத்தில் 110 ஒட்டி வர வேண்டும். ஆறு வாரத்தில் 90-ஐத் தொடாத நோயாளியை ஊரடங்கு இருந்தாலும் நேரில் பார்க்க வேண்டும். மயக்கம் கொடுத்து மூட்டை மடக்கிவிடும் சிகிச்சை அறுவையிலிருந்து மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நன்றாகப் பலன் தரும். பிறகு தழும்புத் திசு இறுகிவிடும், அடுத்த வழி மறுபடியும் கத்திதான். கோணத்தை வீட்டிலிருந்து அளப்பதன் முழுப் பயனும் இந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது. 5 டிகிரிக்குள் வரும் தினசரி ஏற்ற இறக்கத்துக்குப் போன் செய்ய வேண்டாம், அது அளவுப் பிழைக்குள்ளேயே அடங்கும். மூன்று நாள் தொடர்ந்து இறங்கினால் கூப்பிடுங்கள்.

காய்ச்சல்: அறுவைக்குப் பின் முதல் மூன்று நாள் லேசான சூடு வருவது வழக்கம். ஐந்தாம் நாளுக்குப் பின் 100.4 ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் என்றால் அன்றே டாக்டருக்கு. கோவிட் பரவும் காலத்தில் அதற்கான பரிசோதனையும் செய்ய வேண்டும். ஆனால் பாசிட்டிவ் வந்துவிட்டது என்பதற்காகப் புண்ணைப் பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம். முழங்கால்மேல் ஒட்டும் வெப்ப சென்சார் வாங்காதீர்கள். எந்தத் தொற்றும் இல்லாமலே அறுவை செய்த முழங்கால் மாதக்கணக்கில் மற்றதைவிடச் சூடாகத்தான் இருக்கும், தினமும் பொய் எச்சரிக்கை வரும்.

ஆக்ஸிஜன்: ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின், விரல் சூடாக இருக்கும்போது, நகப்பூச்சு இல்லாமல். அளவு ஒரு நிமிடம் நிலையாக நிற்க வேண்டும். 94-க்குக் கீழ் என்றால் உடனே பேச வேண்டும். கறுத்த தோலில் ஆக்ஸிமீட்டர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதை 2020-இல் அமெரிக்க மருத்துவமனைகளின் தரவு காட்டியது. அதனால் 95 இருக்கிறதே என்று மூச்சு வாங்குபவரை வீட்டிலேயே உட்கார வைக்காதீர்கள். மூட்டு மாற்று முடிந்தவருக்கு மூச்சு வாங்கினால் கோவிடாகவும் இருக்கலாம், காலிலிருந்து போன ரத்தக்கட்டி நுரையீரலை அடைத்ததாகவும் இருக்கலாம். போனில் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

உங்கள் பெட்டியில் இல்லாத ஒன்று, பத்து ரூபாய் தையல் டேப். சில்லுக்குக் கீழுள்ள எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி இரண்டு கெண்டைக்காலையும் தினமும் ஒரே நேரத்தில் அளக்கட்டும். அறுவை செய்த கால் எப்படியும் வீங்கியிருக்கும் என்பதால் முதல் நாள் வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, அது கூடுகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் வித்தியாசம், கூடவே கெண்டைக்காலில் அழுத்தினால் வலி என்றால் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் தேவை. அளவு நன்றாக இருப்பதால் ரத்தக்கட்டி இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது.

புண்ணின் படம்: பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஸ்கேல் வைத்து, கிட்டே ஒன்று தூரத்தில் ஒன்று. ஒரு வாரத்துக்குப் பிறகும் கட்டு நனைந்தால் படத்தைப் பார்த்து ஆன்டிபயாடிக் எழுதி அனுப்பக்கூடாது. மூட்டிலிருந்து நீரை எடுத்துப் பரிசோதிக்கும் முன் மாத்திரை கொடுத்தால் கிருமி பரிசோதனையில் சிக்காது, உள்ளே மட்டும் இருந்துகொண்டிருக்கும். பல மாதம் கழித்து மூட்டையே கழற்ற வேண்டிவரும். இதற்கு வண்டி பிடித்தாவது வரவழைக்க வேண்டும்.

சிக்னல்_பலகை:

போன் பக்கம் சில விஷயம், ஏனென்றால் பெட்டி தோற்பது பெரும்பாலும் இங்கேதான்.

வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன், அது பிள்ளையின் ஆன்லைன் வகுப்பில் இருக்கும். பயிற்சி நேரத்தை வகுப்பு முடிந்தபின் வையுங்கள். அதோடு, போன் பக்கத்தில் இல்லாதபோதும் தானே பதிந்து வைத்துக்கொள்ளும் நினைவகம் உள்ள சென்சாராக எடுங்கள். போனுக்கு நேரடியாக அனுப்ப மட்டுமே தெரிந்த சென்சாரில், போன் அடுத்த அறைக்குப் போனால் அன்றைய பயிற்சியே இல்லாததுபோல் ஆகிவிடும்.

பல ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரி மிச்சம் செய்வதற்காகப் பின்னணியில் ஓடும் ஆப்பைத் தானே மூடிவிடும். அமைப்புகளில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை உள்ள போன்களில் ப்ளூடூத் சென்சாரைத் தேட இருப்பிட அனுமதியும் வேண்டும். "எங்கே இருக்கிறோம் என்று எதற்குக் கேட்கிறது" என்று மறுத்துவிடுவார்கள், சென்சார் கிடைக்கவே கிடைக்காது. இரண்டையும் வார்டிலேயே, அவர்களுடைய போனிலேயே செய்து கொடுத்தனுப்புங்கள்.

போனை அறுவை செய்த கால் இருக்கும் பக்கம் வையுங்கள். ப்ளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பு நன்றாக விழுங்கும். மறுபக்கச் சட்டைப் பையில் போன் இருந்தால் ஒரு மீட்டர் தூரத்திலேயே விட்டு விட்டு வரும்.

டேட்டா செலவு பற்றிப் பயம் வேண்டாம். வினாடிக்கு 50 முறை, ஆறு அச்சு, அச்சுக்கு 2 பைட் என்றால் ஒரு சென்சாருக்கு 600 பைட். இரண்டு சென்சார், 20 நிமிடப் பயிற்சிக்கு 1.5 எம்பிகூட வராது. வீடியோ அழைப்புதான் தின்னும். கிராமத்தில் சிக்னல் மோசமாக இருந்தால் வீடியோவை வாரத்துக்கு இரண்டு முறை வைத்துக்கொண்டு, மற்ற நாள்களில் எண்கள் மட்டும் இரவில் ஏறட்டும். போனில் தேதியும் நேரமும் தானியங்கியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வியாழன் பயிற்சி புதன் கணக்கில் விழும்.

பிசியோ_வைகை:

மிக்க நன்றி. தொடர்ந்து இரண்டு. எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டவர்களுக்கும் இதே பெட்டியைக் கொடுக்கலாமா? கட்டுக்கு வெளியே தெரியும் விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டி ரத்த ஓட்டம் பார்க்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். இன்னொருவர், மூட்டுக்குள்ளேயே சென்சார் வைத்த செயற்கை மூட்டு வந்துவிட்டது, இனி இந்தப் பட்டையெல்லாம் வேண்டாம் என்கிறார்.

எலும்பியல்_குறிப்பு:

விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டிப் பார்ப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கட்டுக்குள் தசை அறைகளில் அழுத்தம் கூடும்போது விரலில் நாடியும் ஆக்ஸிஜனும் கடைசி வரை நன்றாகவே இருக்கலாம். அதற்குள் தசை செத்துக்கொண்டிருக்கும். பார்க்க வேண்டியவை: மாத்திரைக்கு அடங்காமல் கூடும் வலி, அடுத்தவர் விரலை மெதுவாக நீட்டினால் தாங்க முடியாத வலி, மரத்துப்போதல். இவற்றில் எது இருந்தாலும் நடுராத்திரி என்றாலும் கட்டை முழு நீளத்துக்கும், உள்ளே இருக்கும் பஞ்சையும் சேர்த்து வெட்டித் திறக்க வேண்டும். மணிக்கட்டு முறிவை நேராக்கிக் கட்டு போட்டிருந்தால் முதல் இரண்டு வாரமும் வாரத்துக்கொரு எக்ஸ்ரே கட்டாயம், எலும்பு நழுவியதை வெளியிலிருந்து எந்தக் கருவியும் காட்டாது. எக்ஸ்ரேயைப் பக்கத்து ஊரில் எடுத்து அனுப்பச் சொல்லலாம், அது நல்ல வழி.

சென்சார் வைத்த மூட்டு உண்மைதான். ஸிம்மர் பயோமெட், கேனரி மெடிக்கல் நிறுவனங்களின் பெர்சோனா ஐக்யூவுக்கு அமெரிக்காவில் 2021 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. கணை எலும்புக்குள் போகும் தண்டில் சென்சார், வீட்டில் அதைப் படிக்க ஒரு நிலையம். அடிகள், நடை வேகம், முழங்கால் அசைவு எல்லாம் தரும். ஆனால் சிகிச்சை முடிவை அந்தத் தரவை வைத்து எடுப்பதற்காக அது அனுமதிக்கப்படவில்லை. ஏற்கனவே மூட்டு வைத்துவிட்டவர்களுக்கு அது உதவவும் போவதில்லை.

சட்டம்_சிகிச்சை:

நான்காவது கேள்வி விட்டுப்போயிற்று. 2020 மார்ச் 25-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டி நெறிகள்தான் இதற்கு அடிப்படை. அவை பதிவு பெற்ற மருத்துவருக்கானவை. மருந்து எழுதுவது அவர் மட்டுமே, பதிவு எண்ணுடன். பாராசிட்டமால் போன்றவற்றை எழுதலாம். அறுவைக்குப் பின் பல இடத்தில் கை பழகிப்போய் எழுதும் டிராமடாலைப் போனில் எழுதக்கூடாது. 2018-லிருந்து அது போதைப்பொருள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டத்துக்குள் வந்துவிட்டது, அந்தச் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகள் தொலைமருத்துவத்தில் தடை. எனவே நோயாளி வீட்டுக்குப் போகும்போதே வலி மருந்துத் திட்டத்தை எழுதி முடித்துவிடுங்கள்.

ஒப்புதல்: நோயாளி கூப்பிட்டால் ஒப்புதல் இருப்பதாகவே பொருள். உங்கள் திட்டத்தில் கூப்பிடுவது நீங்கள். அப்போது வெளிப்படையான ஒப்புதல் வேண்டும், அது பதிவாகவும் வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் நாளில் கையெழுத்தோ குரல்பதிவோ வாங்கி வையுங்கள். புண்ணின் படத்தைப் பலர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு அந்த ஒப்புதல் செல்லாது.

நேரில் தொட்டுப் பார்க்க வேண்டிய இடத்தில், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை மருத்துவரும் உண்டு. உங்கள் நோயாளி இருக்கும் ஒன்றியத்தில் கேட்டுப் பாருங்கள். கோனியோமீட்டருடன் ஒருவர் ஒருமுறை நேரில் போய்விட்டால் மேலே சொன்ன ஸீரோ பிரச்சினையும் அங்கேயே தீரும்.

சிக்னல்_பலகை:

பெட்டி திரும்பி வந்தபின் செய்ய வேண்டியதையும் எழுதி வையுங்கள். பட்டைகளைக் கழற்றி சோப்பு நீரில் துவைத்து நன்றாக உலர்த்துங்கள்; ஈரத்தோடு மடித்தால் அடுத்தவர் தோலில் அரிப்பு வரும். சென்சாரையும் ஆக்ஸிமீட்டரின் உள்பக்கத்தையும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். நேரடியாகத் தெளித்தால் சார்ஜ் துளைக்குள் இறங்கும்.

பழைய போனிலிருந்து இணைப்பை நீக்கிவிட்டு, சென்சாரின் நினைவகத்தையும் அழியுங்கள். இணைப்பை மட்டும் நீக்கி அனுப்பினால், அடுத்த நோயாளியின் போன் சேர்ந்த உடனே முன்னவருடைய ஏறாத பதிவுகள் இவர் பெயரில் ஏறும். அறுவை முடிந்த நான்காம் நாளே 115 டிகிரி மடக்கல் என்று யாருக்காவது வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். பெட்டிக்கு எண் போட்டு, அழித்த தேதியையும் அழித்தவர் கையெழுத்தையும் மூடிக்குள் ஒரு அட்டையில் எழுதிவிட்டு அடுத்தவருக்குக் கொடுங்கள்.